பள்ளங்கியில் காயீன்

கோடைக்கு மலையேறி வரும் வெள்ளைக்காரப் பாதிரிமார்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது எட்டு வருஷம் எனக்குப் பிழைப்பாக இருந்தது. முன்ஷி என்று கூப்பிடுவார்கள். மோட்டார் ரோடு போட்டுச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். கீழே வெயில் ஏற ஏற இவர்களுக்கு விசுவாசம் இறங்க ஆரம்பிக்கும். சித்திரை பிறப்பதற்குள் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஒரு பங்களா பாக்கியில்லாமல் வந்து நிறைந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே முன்ஷிகளாகிய நாங்களும் கம்பளியும் அகராதியுமாக வந்து நாயுடுபுரத்தில் ஆளுக்கொரு அறை பிடித்துக்கொள்வோம்.

எனக்கு வாய்த்த துரை பெரிய படிப்பாளி. ஆறு வருஷம் என்னிடம் தமிழ் படித்தும் அவருடைய தமிழ் ஜெபத்தை விட்டு வெளியே வரவில்லை. தபால்காரரிடமும் சமையல்காரரிடமும் கடவுளிடம் பேசுவதுபோலவே பேசுவார். குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால், வெந்நீரை எனக்கு அருளிச்செய்யும் என்பார். அதைத் திருத்துவதுதான் என் வேலை. நான் திருத்தவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது.

அவர் வேதத்தின் முதல் பதினோரு அதிகாரங்களுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். உலகம் உண்டானது தொடங்கி, முதல் மனிதர்கள், முதல் கொலை, வெள்ளம், கோபுரம் கட்டப்போய்ப் பாஷை பிரிந்தது வரை. முந்நூறு பக்கத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டு வெளியே வருவதற்கே நூறு பக்கம். இந்தத் துரையின் கையில் சிக்கிய பிறகு பழத்தைத் தின்றதே தப்பித்துப் போகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஏதேன் தோட்டத்து நதிகள் நாலுக்கும் வரைபடம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அதில் ஒரு நதி எங்கே ஓடிற்று என்பதில் வேறொரு பாதிரியாரோடு சண்டை. இருவரும் ஒரு கோடை முழுக்க ஏரிக்கரையில் எதிரெதிரே வந்தாலும் முகம் பார்க்கவில்லை.

எழுதினால் மட்டும் போதுமா, யாராவது கேட்க வேண்டாமா? அதற்காக வருஷந்தோறும் கிராமத்து உபதேசியார்களை வரவழைத்து ஆறு வாரம் வகுப்பு நடத்துவார். உபதேசியார் என்றால் பாதிரி இல்லாத ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்தி, பிரசங்கம் சொல்லி, சபையைக் கட்டி மேய்க்கிற ஆள். அந்த வருஷம் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்து அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் இங்கிலீஷில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், அவர்கள் சிலேட்டில் எழுதிக்கொள்வார்கள். கடைசி நாள் வாய்மொழிப் பரீட்சை. அதுவும் அப்படியே. கேள்வி என் வழியாகப் போகும், பதில் என் வழியாக வரும். தான் தமிழில் கேட்டால் யாருக்கும் புரியாது என்பது துரைக்குத் தெரிந்தே இருந்தது. அந்த அளவுக்கு அவர் யோக்கியர்.

நோவாவின் பேழை எவ்வளவு நீளம் என்பதைக் கண்ணால் காட்டுவதற்காக எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனதைச் சொல்ல வேண்டும். கையில் பெரிய கயிற்றுச் சுருள். முழம் போட்டு அளந்து ஒரு முனையில் என்னை நிறுத்தினார், மறு முனையில் ஓர் உபதேசியாரை. நடுவில் மற்றவர்கள் கயிறு தொய்யாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சாரல் வேறு. காற்று வாங்க வந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள் குடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, புதிதாக ஏதோ ரோடு போடப்போகிறார்கள் என்று பேசிக்கொண்டு போனார்கள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நோவாவின் பேழை நனைந்த மனிதர்களால் ஆனது என்பதுதான்.

உபதேசியார்களைப் பற்றியும் எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவர்களில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும் துரைக்குச் செல்லப்பிள்ளை. துரை தும்மினால்கூட அதைச் சிலேட்டில் எழுதிக்கொள்ளக்கூடிய ஆள். நான் காலையில் மொழிபெயர்த்த வாக்கியத்தை மத்தியானம் எனக்கே திருப்பி ஒப்பிப்பார், அதுவும் நான் தவறாகச் சொல்லியிருந்தால் அந்தத் தவறோடு. தலையில் அவ்வளவு எண்ணெய் தடவுகிற மனிதரை நான் மலையில் வேறு பார்த்ததில்லை.

கடைசி பெஞ்சில் பள்ளங்கிக்காரர் உட்கார்ந்திருப்பார். பள்ளங்கி ஏரியிலிருந்து சில மைல் தள்ளியிருக்கிற மலைக்கிராமம். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயி. வயது நாற்பத்தைந்து இருக்கும். அந்த ஊரில் ஏழு வீடு கிறிஸ்தவர்கள். எல்லாரும் மண்ணை நம்பிப் பிழைப்பவர்கள். முந்தைய உபதேசியார் காய்ச்சலில் இறந்த பிறகு நாலு வருஷமாக இவர்தான் தற்காலிகமாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் வெள்ளனே தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்து, கால் மண்ணைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே வருவார். ஆறு வாரத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. முகத்தில் ஓர் அசைவு இருக்காது. முதல் மனிதனைக் கடவுள் மண்ணால் செய்தார் என்ற பாடத்தன்று, உதாரணத்துக்கு எங்கேயும் போக வேண்டாம், கடைசி பெஞ்சைப் பாருங்கள் என்று நான் தமிழில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று துரை கேட்டதற்கு, பாடம் அவர்களுக்குச் சந்தோஷத்தைத் தருகிறது என்று சொல்லிவைத்தேன். பள்ளங்கிக்காரரும் கொஞ்சம் சிரித்தார் என்றுதான் ஞாபகம்.

நாலாவது வாரம் காயீனும் ஆபேலும் வந்தார்கள். அண்ணன் மண்ணைக் கொத்தி விளைவிக்கிறவன், தம்பி ஆடு மேய்க்கிறவன். இருவரும் காணிக்கை கொண்டுவந்தார்கள். தம்பியின் ஆட்டுக்குட்டியைக் கடவுள் ஏற்றுக்கொண்டார், அண்ணன் கொண்டுவந்த விளைச்சலை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஏன்? இந்த ஒரு 'ஏன்' துரையின் புத்தகத்தில் நாற்பது பக்கம். சுருக்கிச் சொன்னால், இரத்தமில்லாத காணிக்கை செல்லாது. சபிக்கப்பட்ட மண்ணில் விளைந்ததைக் கடவுளுக்குக் கொடுக்கலாமா? தன் உழைப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைப்பது மனிதனுடைய அகங்காரம். உழைப்பு அகங்காரம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது சமையல்காரர் காபி கொண்டுவந்து வைத்து, கணப்பில் விறகைத் தள்ளிவிட்டுப் போனார். துரை திரும்பிப் பார்க்கவில்லை. காபி தானாகவே விளைந்து, தானாகவே வறுபட்டு வந்தது என்ற எண்ணம் போலிருக்கிறது.

படித்ததைப் பிரசங்கம் செய்து பழக வேண்டும் என்பதும் வகுப்பில் ஒரு பகுதி. அந்த ஞாயிறு மதுரைக்காரரைப் பள்ளங்கிக்கு அனுப்பினார்கள். துரையும் துரைசானியும் நானும் கூடப் போனோம். பள்ளங்கிச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் எது முதலில் பறிப்புக்கு வருகிறதோ, அதில் முதல் கூடை கோயிலுக்கு. பீன்ஸோ முட்டைக்கோஸோ பூண்டோ, வேதம் வைக்கிற மேஜையடியில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆராதனை முடிந்ததும் இல்லாதவர்களுக்குப் பாதி, துரை பங்களாவுக்குப் பாதி. அன்றும் மேஜையடியில் மண் வாசனையோடு நாலைந்து கூடை இருந்தது. அந்தக் கூடைகளுக்கு நேரே நின்றுகொண்டு மதுரைக்காரர் காயீனைப் பிரசங்கித்தார். நிலத்தில் விளைந்ததைக் கடவுள் திரும்பியும் பார்க்கமாட்டார் என்று சொல்லும்போது கை தன்னையறியாமல் கூடைப் பக்கம் நீண்டது. சபை அசையாமல் கேட்டது. துரைக்குப் பெரிய திருப்தி. துரைசானி பீன்ஸ் முற்றலா பிஞ்சா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது மேஜையடியில் ஒரு கூடையும் இல்லை. ஆறு சேவலும் ஒரு வெள்ளாட்டுக் குட்டியும் கட்டிப்போட்டுக் கிடந்தன. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான். துரை கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்ததும் ஒரு சேவல் கூவிற்று. அதற்கு இன்னொன்று பதில் சொன்னது. ஆட்டுக்குட்டி மேஜைத் துணியின் ஓரத்தைத் தின்ன ஆரம்பித்தது. ஜெபத்தின் நடுவில் நான் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் துரைசானி கேட்ட முதல் கேள்வி, வாரத்துக்குக் காய்கறிக்கு என்ன செய்வது என்பதுதான். கணவர் நாற்பது பக்கம் எழுதி ஒதுக்கித் தள்ளிய காய்கறியை மனைவி ஒரே வாக்கியத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

சிரித்தேன் என்றேன். ஒன்றைப் பார்த்துவிட்டும் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசற்படியில் ஒரு விதவைப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு பாத்திப் பூண்டைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. ஏழு வீட்டில் கோழி இல்லாத வீடு அவளுடையது. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வராமலே இருந்தாள். ஆராதனை முடிவதற்குள் எழுந்து போய்விட்டாள். நான் பார்த்தேன். எனக்கு முன்னால் பள்ளங்கிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேவல்களைப் பஜாரில் என் வழக்கமான கடைக்காரர் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். காய்கறி மண்டியும் கோழி வியாபாரமும் அவருக்கு உண்டு. கதையைக் கேட்டுவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த அண்ணன் தம்பி கதை எங்ககிட்டயும் இருக்குங்க முன்ஷி. காய்கறியக் கடவுள் வேண்டாம்னுட்டா எனக்குப் போடச் சொல்லுங்க. நான் முகத்தத் திருப்பிக்க மாட்டேன்."

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் பள்ளங்கிக்காரர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தப் பெண் அந்த வாரமும் கோயிலுக்கு வரவில்லையாம். இன்னும் இரண்டு வீட்டிலிருந்து, சேவல் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று கேட்கிறார்களாம். விளைகிறதைக் கொண்டாரக் கூடாதென்றால் நாங்கள் கடவுளுக்கு யார் என்று ஒருவர் கேட்டாராம். இவருக்குப் பதில் தெரியவில்லை. பரீட்சையில் தேறினால் பள்ளங்கிச் சபை நிரந்தரமாக இவர் பொறுப்பு. தேறாவிட்டால் மதுரைக்காரரை அங்கே போடுவதாகத் துரை ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அவரு வந்துட்டா எங்க சனம் கலைஞ்சு போகுங்கய்யா. ரெண்டு வருசம் தாங்காது."

இதற்கு ஏன் இப்படிக் கலங்க வேண்டும் என்று நான் அவரைத் தேற்றினேன். தேற்றினேன் என்று அப்போது நினைத்தேன். காயீன் கேள்வி உறுதியாக வரும், மூன்றே விஷயம் சொன்னால் போதும்: இரத்தம் இல்லை, விசுவாசம் இல்லை, உழைப்பின் அகங்காரம். இதைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு, சபை கைக்கு வந்ததும் ஊரில் போய் இஷ்டப்பட்டதைப் பிரசங்கித்துக்கொள்ளுங்கள், துரை என்ன பள்ளங்கியில் வந்து பாயைப் போட்டுப் படுக்கப்போகிறாரா என்றேன். உலகம் தெரிந்தவன் சொல்லும் புத்தி. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். யோசிக்கிறேன் என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குள் எரிச்சல். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டு விளக்கை ஏற்றினேன்.

பரீட்சை நாள். கணப்பு எரிந்துகொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத மேகம். துரை நடு நாற்காலியில், பக்கத்தில் நான். மதுரைக்காரர் முதலில் வந்து, பேழையின் நீள அகல உயரத்திலிருந்து காயீனுடைய மனைவி யார் என்பதுவரை மூச்சு விடாமல் ஒப்பித்தார். நான் மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. துரை எழுதியதைத்தான் துரைக்குத் திருப்பிச் சொன்னேன். கடைசியாகப் பள்ளங்கிக்காரர் வந்து நின்றார். துரை அவருக்கு ஒரே கேள்வி போதும் என்று நினைத்தார் போலிருக்கிறது. காயீனுடைய காணிக்கையைக் கடவுள் ஏன் ஏற்கவில்லை? கேட்டேன். மேஜைக்குக் கீழே மூன்று விரலைக்கூடக் காட்டினேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"ஏன்னு எழுதலீங்க. பாக்கலைன்னுதான் எழுதியிருக்கு. நானும் தேடிப் பாத்தேன். மண்ணக் கொத்திப் பொழைன்னு அவுக அப்பாவ அனுப்புனதே கடவுள்தான். மகன் அந்தச் சோலியத்தான் பாத்தான். வெளஞ்சதத்தான் கொண்டாந்தான். ஏன் பாக்கலைன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு இருக்குங்க. யாரு காணிக்கைய ஏத்துக்கிட்டாரோ அந்தத் தம்பிகிட்டக் கடவுள் ஒரு வார்த்த பேசல. பாக்காம விட்டாரே, அந்த அண்ணங்கிட்டத்தான் தானா வந்து, ஏன் மொகம் வாடிக் கெடக்குன்னு கேட்டாரு. அதனால எங்க சனத்துக்கு நான் சொல்றது, வெளஞ்சதக் கொண்டாங்க. அவரு பாக்கலைன்னாலும் வந்து கேப்பாரு."

இதை இப்போது சொல் மாறாமல் எழுத முடிகிறது. அன்று எனக்குக் காதில் விழுந்தது, அவ்வளவுதான். முதல் வாக்கியத்திலேயே ஆள் கவிழ்ந்தார் என்று தெரிந்துவிட்டது. மிச்சத்தைக் கேட்பதற்கு அதில் என்ன இருக்கப்போகிறது? அவர் முடித்ததும் நான் துரை பக்கம் திரும்பி, கொஞ்சமும் தடுமாறாமல், இரத்தமும் விசுவாசமும் அகங்காரமும் கலந்து மூன்று அழகான இங்கிலீஷ் வாக்கியம் சொன்னேன். நானே மெச்சிக்கொள்ளும்படி இருந்தது. துரையின் முகம் மலர்ந்தது. இந்த எளிய மனிதர் இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டிருக்கிறாரே என்று பென்சிலை எடுத்தார்.

"நோ சார்" என்றார் பள்ளங்கிக்காரர்.

துரையின் பென்சில் நின்றது. "ஐ நோ சே தட், சார். முன்ஷி சே" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல், நான் சொன்னதையே சொல்லிருங்கய்யா என்றார்.

மோட்டார் ரோடு வருமுன் வெள்ளைக்காரர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள்தான் மலைக்குத் தூக்கி வருவார்கள். அந்த ஆட்களில் பள்ளங்கிக்காரரும் ஒருவராகப் பத்து வருஷம் இருந்திருக்கிறார். தூக்குகிறவனுக்குக் காது கிடையாது என்ற நினைப்பில் துரைமார்கள் வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவார்கள். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. என்ன நடக்கிறது என்று துரை என்னைக் கேட்டார். பள்ளங்கிக்காரர் சொன்னதை முழுசாக மொழிபெயர்த்தால் நான் எவ்வளவு ஜோடித்திருக்கிறேன் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். சொன்னேன்: இவர் முதலில் ஒரு பதில் சொன்னார், இப்போது பயந்துபோய் மாற்றுகிறார். காரணம் வேதத்தில் எழுதவில்லை என்கிறார். அவ்வளவுதான் சொன்னேன். பின்பாதியைச் சொல்லவே இல்லை. நான் சொல்லச் சொல்லப் பள்ளங்கிக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவருக்குப் புரிந்துகொண்டுதான் இருந்தது.

எழுதவில்லையா, என்று துரை கேட்டார். வேதத்தில் எழுதவில்லை என்பதைவிட, தான் நாற்பது பக்கம் எழுதியதை இந்த ஆள் எழுதவில்லை என்கிறானே என்பதுதான் அவருக்குச் சுட்டது. காகிதத்தில் ஒரு கோடு போட்டார். அடுத்த மாதமே மதுரைக்காரர் பள்ளங்கிக்கு நிரந்தர உபதேசியாராகப் போனார். மறு கோடையில் நாங்கள் வந்தபோது ஏழு வீட்டில் மூன்று வீடுதான் அவருக்குப் பிரசங்கம் கேட்க மிச்சமிருந்தது. அந்த விதவைப் பெண் அதில் இல்லை.

துரையின் புத்தகமும் அச்சாகி வந்தது. முகவுரையில் எனக்கு நன்றி. காயீன் அதிகாரத்தில் ஓர் அடிக்குறிப்பு: மலைநாட்டு விவசாயி ஒருவன் சரியான பதிலைச் சொல்லிவிட்டு, தன் தொழிலின் மேலுள்ள பற்றினால் அடுத்த நிமிஷமே அதை மறுத்தானாம். காயீனுடைய கர்வம் இன்னும் மனிதனை விட்டுப் போகவில்லை என்பதற்கு அது அத்தாட்சியாம். புத்தகத்தை மூடி வைத்தேன். அந்த அடிக்குறிப்பில் உள்ள பொய் என்னுடையது, முட்டாள்தனம் மட்டும்தான் அவருடையது. அவ்வளவு பெரிய மூடனை அத்தனை வருஷம் ஏளனம் செய்து காலம் தள்ளிய எனக்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் பரீட்சை நாள் சாயங்காலத்தை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

எல்லாரும் காபிக்குப் போனதும் நான் வெளியே ஓடினேன். அவர் ஏரியைத் தாண்டிப் பள்ளங்கி வழியில் போய்க்கொண்டிருந்தார். மேகம் இறங்கி வழி மறைந்து கிடந்தது. கூப்பிட்டேன், நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடிவந்தேன். வாயில் வந்தது வேறு. உங்களுக்கு நல்லது செய்யப்போய் என் தலையில் நானே மண்ணை வாரிப்போட்டுக்கொண்டேனே என்றேன். சும்மா நின்றிருந்தால் சபை உங்கள் கையில் இருந்திருக்குமே, எதற்காக அப்படி மறுத்துச் சொன்னீர்கள் என்றேன். இரண்டாவது சொன்ன பொய்யைப் பற்றி, வேலை போய்விடுமென்று பயந்துவிட்டேன் என்பதையும் மென்று விழுங்கிச் சொன்னேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பயந்து சொன்னதுக்கு எனக்கு வருத்தமில்லீங்கய்யா. பயம் எல்லாத்துக்கும் வர்றதுதான். மொதல்ல மாத்துனீங்களே, அப்ப உங்களுக்கு ஒரு பயமும் இல்ல. இவன் சொல்றதுல என்ன இருக்கப் போகுதுன்னு மாத்துனீங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

நாழியாகுது, வெரசாப் போகணும் என்று அவர் திரும்பி நடந்தார். பள்ளங்கியில், பரீட்சை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஏழு வீட்டுக்காரர்களும் கோயிலில் காத்திருந்தார்கள். அவர்களிடம் போய் இவர்தான் சொல்ல வேண்டும்.